கண்ணாடி கற்பித்த பாடம்

அலெக்சாண்டர் என்னும் பெயரைக் கேட்டவுடன் மாணவர்களாகிய உங்கள் நினைவிற்கு வருபவர், பெரும்படையுடன் சிந்து நதியைக் கடந்து வந்த மாசிடோனியப் பேரரசரே ஆவார். ஈண்டு நாம் காணப்போகும் அலெக்சாண்டர் நாடு பிடித்தவர் அல்லர். தம் தலையையும் கழுத்தையும் முதுகையும் தம் வயப்படுத்துவதற்காக ஆண்டுக்கணக்கில் நிலைக்கண்ணாடிகளின்முன் நின்று போராடியவர். அவர் முழுப்பெயர் பிரெடரிக் மத்தயாஸ் அலெக்சாண்டர் என்பது.

ஆஸ்திரேலியக் கண்டத்திற்குத் தெற்கே டாஸ்மேனியா என்னும் தீவு உள்ளது. அத்தீவின் வடகரையில் உள்ள வின்யார்டு என்னும் ஊரின் அருகே 1869ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கொல்லுத் தொழில் செய்பவர். குதிரைகளுக்கு இலாடம் அடிப்பதில் வல்லவர். தாயார் ஊரில் உள்ள பெண்டிர்க்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவச்சி. நிறைமாதம் ஆகுமுன்னரே பிறந்த குழந்தை ஆகையால், அலெக்சாண்டர் மெலிந்த உடலினராகவும், அடிக்கடி மூச்சுத்திணறலால் வருந்துபவராகவும் வளர்ந்தார். பள்ளியில் அவர் அடங்கி இருந்தவர் அல்லர். ஆசிரியர் கூறும் எதனையும் ஏன், எவ்வாறு என்று வினவாமல் ஏற்றுக்கொள்ள அவர் மனம் ஒருப்படவில்லை. அவ்வாசிரியரோ பொறுமையே உருவானவர். சிறுவனைத் தண்டித்துத் துரத்தாமல், மாலை வேளைகளில் தனியே அமர்த்திப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் அலெக்சாண்டருக்குப் பற்று உண்டானது அவ்வாசிரியராலேயே ஆகும்.

குடும்பத்தின் வறுமை காரணமாகப் பதினாறு பதினேழு வயதிலேயே அவர் மவுண்ட் பிஷாப் என்னும் இடத்தில் வெள்ளீயச் சுரங்கம் நடத்திய நிறுவனத்தில் அலுவலில் அமர்ந்தார். மூன்று ஆண்டுகள் சிக்கனமாக வாழ்ந்து பொருள் சேர்த்துக்கொண்டு, மெல்போர்ன் மாநகரை அடைந்தார். அங்கு நாடகங்களைக் கண்டும் இசையைக் கேட்டும் கைப்பொருள் தீருமளவும் காலங்கழித்த பின், தாமும் அரங்கேறி நாடகப் பகுதிகளை நடிப்புடன் ஓதும் கலைஞர் ஆவதென உறுதி பூண்டார். ஒருவரே மேடைமீது நின்று, மாறுபட்ட பல பாத்திரங்களின் உரைகளை நெட்டுருவாகவும் உணர்ச்சியோடும் ஓதிக்காட்டும் அக்கலைக்கு அந்நாளில் பெருமதிப்பு இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் கேட்குமாறு குரலை எழுப்புதல் வேண்டும்.

அலெக்சாண்டரின் பெயர் மெல்லப் பரவலாயிற்று. அவ்வேளையில்தான் இடர் நேர்ந்தது. மேடையில் நின்று சிறிது நேரம் ஓதியவுடன் அவர் குரல் கம்மத் தொடங்கியது. மூச்சை வாய்வழியே இழுக்கும் ஒலி அவையோருக்குக் கேட்பதாக நண்பர்கள் குறை கூறினர். மருத்துவர்களை நாடினார்; தொண்டைக்கு மருந்து தடவினர்; கொப்பளிக்க நீர் கொடுத்தனர். ஓய்வெடுத்தால் குரல் தெளியும். மேடையேறினால் மீண்டும் கம்மும். இந்நிலையில், அவர் பெரிதும் மதித்த நிகழ்ச்சி ஒன்றிற்கு அழைப்பு வந்தது. அதற்கு முன்னுள்ள இரண்டு வாரங்கள் இயன்றவரை பேசாதிருக்குமாறு மருத்துவர் கூறினார். அலெக்சாண்டர் அதனை அப்படியே கைக்கொண்டார். நிகழ்ச்சி நாளன்று குரல் மணிபோல் தெளிவாக இருந்தது. ஆயின், பாதி ஓதுமுன்னரே கம்மல் தொடங்கி, முடிவில் வாய் திறந்து பேசவும் இயலாதபடி ஆயிற்று. தம் வாழ்வே முடிந்தது என்று அவர் எண்ணியிருத்தல் கூடும்.

மறுநாள் அவர் மருத்துவரிடம் சென்று, வழக்கமாகச் சிறுவயதில் ஆசிரியரைத் துளைத்தது போலவே ஒரு வினாவை எழுப்பினார். மேடை ஏறும்போது குரல் நன்றாக இருந்து, இறங்கும்போது கெட்டதாயின், இடையே யான் செய்த ஏதோ ஒன்றுதானே அதற்குக் காரணமாதல் வேண்டும் என்பது அவ்வினா. மருத்துவர் அதனை மறுக்கவில்லை. அவ்வாறாயின் யான் செய்தது யாது என்று கேட்டபோது, தமக்குத் தெரியவில்லை என்று அவர் நேர்மையுடன் ஒப்புக்கொண்டார். தெரியாததைத் தெரியாது என்ற அம்மருத்துவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லையாயினும், அவரையும் நாம் போற்றுதல் வேண்டும். மருந்து ஒன்றைக் கூடுதலாக எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் இவ்வரலாறே எழுந்திராது.

அலெக்சாண்டர் வீடு திரும்பி, ஒரு நிலைக்கண்ணாடியின்முன் நின்றார். முதலில் சாதாரணமாகப் பேசிப் பார்த்தார்; குறை ஒன்றும் புலப்படவில்லை. பின்னர் மேடையில் ஓதுவது போல ஓதினார். மூன்று செயல்கள் கண்ணிற்பட்டன. ஓதத் தொடங்கும் நொடியிலேயே தலை பின்னுக்கு இழுபட்டது. குரல்வளை கீழே அழுந்தியது. மூச்சு வாய்வழியே ஓசையுடன் உள்ளே சென்றது. இவற்றைக் கண்ட பின்னர் மீண்டும் சாதாரணப் பேச்சைக் கூர்ந்து நோக்கியபோது, அம்மூன்றும் அப்பேச்சிலும் சிறிய அளவில் இருக்கக் கண்டு வியந்தார்.

மூன்றனுள் எது முதல், எது விளைவு? குரல்வளையை அழுத்தாமல் இருக்க முயன்றார், இயலவில்லை. வாய்வழி மூச்சையும் நேரே நிறுத்த இயலவில்லை. தலை பின்னிழுபடுவதை மட்டும் ஓரளவு தடுக்க முடிந்தது. அதனைத் தடுத்தபோது ஏனைய இரண்டும் தாமே குறைந்தன, கம்மலும் குறைந்தது. மருத்துவ நண்பர்கள் தொண்டையைச் சோதித்து, முன்னினும் நலமாக இருப்பதாகக் கூறினர். தலையும் கழுத்தும் முதுகும் ஒன்றோடொன்று எவ்வாறு இயைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே உடலின் ஏனைய செயல்கள் அமைகின்றன என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அன்று முளைத்தது.

இவ்விடத்தில் உடலமைப்பைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். மனிதன் தலையின் எடை நான்கைந்து கிலோகிராம் ஆகும். ஒரு சிறு பூசணிக்காயின் எடையுள்ள அது, முதுகெலும்புத் தொடரின் உச்சியில் உள்ள முதல் எலும்பின்மேல் அமர்ந்துள்ளது. அம்மூட்டு, நம்மிற் பலர் எண்ணுவதுபோல் பிடரியின் அடியில் இல்லை. இரு காதுகளுக்கும் நடுவே, ஏறத்தாழ அந்த உயரத்தில் உள்ளது. பிடரித் தசைகள் இறுகினால் தலை பின்னோக்கிச் சாய்ந்து, முதுகெலும்புத் தொடரைக் கீழ்நோக்கி அழுத்தும். தலையை முன்னே நீட்டித் தொங்கவிட்டாலோ, அவ்வெடையைத் தாங்கப் பிடரியும் தோளும் முதுகும் இடைவிடாது உழைக்க நேரும். இதனை எழுதும் யானும் இளமை முதல் தரையில் அமர்ந்து, குனிந்த தலை நிமிராமல் ஏடு பார்த்த பழக்கத்தால் கழுத்து நோவு உற்றவன் ஆதலின், இப்பகுதியை எழுதும்போது சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனி அலெக்சாண்டரிடம் மீள்வோம். காரணம் தெரிந்துவிட்டது, இனித் தலையை முன்னோக்கி, மேனோக்கி விடுவதே செய்யவேண்டுவது என்று அவர் முடிவு செய்தார். அவ்வாறே செய்தார், செய்வதாக நன்கு உணர்ந்தார். ஆயினும் முழுப்பயன் விளையவில்லை. ஐயங்கொண்டு, முதற் கண்ணாடியின் இருமருங்கிலும் மேலும் இரண்டு கண்ணாடிகளை நிறுத்தி, தம் உடலைப் பக்கவாட்டில் நோக்கினார். அங்கு அவர் கண்ட காட்சி அவரைத் திடுக்கிடச் செய்தது. தலையை முன்னோக்கி விடுவதாக அவர் உறுதியாக உணர்ந்த அதே நொடியில், அது பின்னோக்கியே சென்றுகொண்டிருந்தது!

மாணவர்களே, இவ்வரலாற்றின் உயிர்நிலை இதுவே. ஒருவர் பொய் சொன்னால் நாம் ஐயுறுகின்றோம். நம் உடலே நமக்குப் பொய் சொல்லும் என்று யார் எண்ணுவர்? பல ஆண்டுகளாக ஒரே தோளில் புத்தகப் பையைச் சுமந்து, ஒருபுறம் சாய்ந்தே நிற்கப் பழகிய மாணவன் ஒருவனை நேராக நிறுத்திப் பாருங்கள். தான் மறுபுறம் சாய்ந்து நிற்பதாகவே அவன் கூறுவான். பழகிய கோணல் நேர்மையாகத் தோன்றும்; பழகாத நேர்மை கோணலாகத் தோன்றும். எனவே, சரியென்று தோன்றுவதைச் செய்து சரியான நிலையை அடைய இயலாது என்பதை அலெக்சாண்டர் உணர்ந்தார். உணர்ந்தபின் அவர் அடைந்த மனச்சோர்வு பெரிது. எந்த உணர்ச்சியைத் துணையாகக் கொண்டு நடந்தாரோ அதுவே நம்பத் தகாததாயின், எதனைப் பற்றி நடப்பது?

மேலும் ஆராய்ந்தபோது, குறை தலையளவில் நிற்கவில்லை என்பது தெரிந்தது. ஓதும்போது அவர் மார்பை உயர்த்தி, முதுகைக் குறுக்கி, கால்விரல்களை மடக்கித் தரையைக் கவ்வி நின்றார். முன்னொரு நாள் நடிப்புக் கற்பித்த ஆசிரியர் ஒருவர், பாதங்களால் தரையைப் பற்றி நிற்குமாறு கூறியிருந்தார். அதனை வேதவாக்காகக் கொண்டு பழகியதன் விளைவே அது. நல்லெண்ணத்துடன் கூறப்பட்ட அறிவுரையும், அதைச் செய்யும் முறை விளங்காதபோது, கேடாய் முடிந்தது.

நீண்ட முயற்சிக்குப்பின் அவர் வேறொரு வழி கண்டார். ஓதவேண்டும் என்ற எண்ணம் தோன்றியவுடனே பழைய பழக்கம் பாய்ந்து வருகின்றது; ஆகையால் அவ்வெண்ணத்திற்கு உடனே இணங்காமல் முதலில் நின்றுவிடுவது என்று முடிவு செய்தார். நின்றபின், கழுத்து இளகட்டும், தலை முன்னும் மேலுமாகச் செல்லட்டும், முதுகு நீண்டு விரியட்டும் என்று மனத்தால் மட்டும் கட்டளையிடுவார். கையாலோ தசையாலோ ஒன்றையும் செய்யார். அக்கட்டளைகள் நிலைத்த பின்னர், மூன்று வழிகளுள் ஒன்றைப் புதிதாகத் தேர்ந்துகொள்வார்: ஓதலாம், ஒன்றும் செய்யாது நிற்கலாம், அல்லது ஓதுவதை விட்டுக் கையை மட்டும் உயர்த்தலாம். ஓதியே தீரவேண்டும் என்ற பதற்றம் நீங்கியதும், பழைய பழக்கத்தின் பிடி தளர்ந்தது. காலப்போக்கில் குரல் கம்மல் அகன்றது. இளமை முதல் வாட்டிய மூச்சுத்தொல்லையும் அவரைவிட்டு நீங்கிற்று.

அவர் மேடையில் தெளிந்த குரலுடன் மீண்டும் தோன்றக் கண்ட பிற நடிகர்களும் பாடகர்களும் அவரிடம் கற்க வந்தனர். மருத்துவர்களும் தம்மிடம் வந்த சிலரை அனுப்பலாயினர். மெல்போர்னிலும் சிட்னியிலும் பாடம் நடத்தியவர், சிட்னி மருத்துவர் ஒருவரின் தூண்டுதலால் 1904ஆம் ஆண்டு இலண்டன் மாநகருக்குக் கப்பல் ஏறினார். அதன்பின் அவர் வாழ்வின் பெரும்பகுதி அந்நகரிலேயே கழிந்தது. 1910 முதல் 1941 வரை நான்கு நூல்களை எழுதினார். கண்ணாடிகளின்முன் நின்று தாம் கண்டறிந்த வரலாற்றை 1932ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் நூலில் படிப்படியாக விரித்துரைத்துள்ளார். அந்நூல்களின் நடை எளிதன்று. ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தை அதன் முடிவில் மறந்துவிடும்படி நீண்டு செல்வது. அவர் கைகளால் கற்பித்ததை எழுத்தால் கற்பிப்பது அவருக்கு எளிதாயில்லை போலும்.

அவருடைய பாடத்தில் கருவிகள் இல்லை. ஒரு நாற்காலி, படுப்பதற்கு ஒரு மேசை, தலைக்கு அணையாகச் சில புத்தகங்கள். மாணவரை நாற்காலியினின்று எழச் சொல்வார். எழு என்ற சொல் காதில் விழுந்தவுடனே பெரும்பாலோர் பிடரியை இறுக்கி, மோவாயை உயர்த்தி, கைகளால் தொடையை ஊன்றி எழுவர். அவர் தம் கையை மாணவரின் கழுத்திலும் முதுகிலும் மெல்ல வைத்து, அவ்விறுக்கம் தோன்றாதவாறு எழும் அனுபவத்தை ஊட்டுவார். குனிந்து பொருளை எடுக்கும்போது இடுப்பிற்கு மேலுள்ள முதுகை வில்போல் வளைக்காமல், இடுப்பு மூட்டையும் முழங்கால்களையும் மடக்கித் தாழுமாறு பழக்குவார். இளங்குழந்தை தரையில் கிடக்கும் விளையாட்டுப் பொருளை எடுப்பதைப் பாருங்கள். அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. நாம்தான் வளர வளர அதனை இழந்துவிடுகின்றோம்.

உடற்பயிற்சியைப் பற்றி அவர் கூறியவை அக்காலத்தார் பலருக்குச் சினமூட்டின. முதுகு வளைந்தவனை நிமிர்த்தும் பொருட்டு நூறு முறை கையை வீசவும் உடலை வளைக்கவும் சொல்வதனால் என்ன பயன் என்று அவர் வினவினார். எந்தக் கோணலான முறையில் அவன் நிற்கின்றானோ, நடக்கின்றானோ, அதே முறையில்தான் அவன் பயிற்சியையும் செய்வான். ஆகவே கோணலே நூறு மடங்கு வலுப்பெறும் என்பது அவர் கருத்து. நிமிர்ந்து நில் என்ற ஆணையையும் அவர் விரும்பவில்லை. அவ்வாணையைக் கேட்டவன் மார்பை முன்தள்ளி, இடுப்பை உள்வளைத்து, கழுத்தை விறைத்துக்கொண்டு மரம்போல் நிற்கின்றான். அது நிமிர்தல் அன்று, வேறொரு வகைக் கோணல் என்றார். இக்கூற்றில் உண்மை மிகுதி. எனினும் உடற்பயிற்சியையே அவர் குறைத்து மதிப்பிட்டது மிகையென்றே தோன்றுகின்றது. நடையும் ஓட்டமும் தசைக்கு வலிமையூட்டும் பயிற்சிகளும் முதுகு நோவுற்றோர்க்கு உதவுவன என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எவ்வளவு செய்கிறோம் என்பதோடு எவ்வாறு செய்கிறோம் என்பதையும் அவர் வினவியதே நமக்கு வேண்டுவது. குறைகள் அவரிடம் வேறும் இருந்தன. தம் முறையால் எல்லா நோய்க்கும் நன்மை விளையும் என்பது போல அவர் எழுதிய இடங்கள் உண்டு. முதல் நூலில் ஐரோப்பியர் அல்லாத மக்களைத் தாழ்வாகக் கருதி எழுதிய பகுதிகளும் உண்டு. அவற்றை நாம் ஏற்பதற்கில்லை.

அறிஞர் பலர் அவரிடம் மாணவராக அமர்ந்தனர். அமெரிக்கத் தத்துவப் பேரறிஞர் ஜான் டூயி அவரிடம் பயின்று, அவருடைய நூல்கள் மூன்றிற்கு முன்னுரை வழங்கினார். நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி உடல் நலிந்து உறக்கமின்றி வருந்திய காலத்தில் அவரை அடைந்தார். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா எண்பது வயதளவில் வந்து பாடம் கேட்டார். எண்பதிலும் உட்காரவும் எழவும் கற்றுக்கொள்ளக் கூசாத அவர் பெருந்தன்மை வியத்தற்குரியது. தமக்குப்பின் இக்கலை மறையாதிருக்க, 1931ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றையும் அலெக்சாண்டர் தொடங்கினார்.

புகழோடு பழியும் வந்தது. 1944ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க அரசாங்கத்தின் சார்பில் வெளியான இதழ் ஒன்று, அவரை ஏமாற்று வித்தைக்காரர் என்னும் பொருள்பட எழுதியது. அவர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். வழக்கு விசாரணைக்கு வருமுன், 1947ஆம் ஆண்டின் இறுதியில், அவர் கீழே விழுந்தார். அதனைத் தொடர்ந்து பக்கவாதம் அவரைத் தாக்கி, இடப்பக்கத்தைச் செயலிழக்கச் செய்தது. வயதோ எழுபத்தெட்டு. பிறர்க்கு உடலை ஆளும் முறையைக் கற்பித்தவர் தம் கையையே அசைக்க இயலாது கிடந்தார். பழித்தவர்க்கு இதனினும் நல்ல சான்று வேறு கிடைக்குமோ?

அவர் தம் பழைய தொழிலையே மீண்டும் தம்மீது செலுத்தினார். எழவேண்டும் என்ற பதற்றத்தை நிறுத்தி, ஒவ்வோர் அசைவையும் முன்னைப்போல் மெல்லப் பயின்றார். சில திங்களில் மீண்டும் மாணவர்களின் கழுத்தில் கைவைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினார். நோய்க்குப்பின் அவர் கையின் தொடுகை முன்னினும் மென்மையும் நுண்மையும் பெற்றதாக மாணவர் சிலர் கருதினர். வழக்கு ஜோகானஸ்பர்க் நகரில் 1948ஆம் ஆண்டு நடைபெற்றது. அவர் நேரில் செல்ல இயலவில்லை. எனினும் தீர்ப்பு அவர் பக்கமே ஆயிற்று. 1,000 பவுன் இழப்பீடு வழங்கப்பட்டது. எதிர்த்தரப்பார் செய்த மேல்முறையீடும் 1949ஆம் ஆண்டு தள்ளுபடியாயிற்று. 1955ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், தம் எண்பத்தாறாம் வயதில், அவர் இலண்டனில் காலமானார். அதற்குச் சில நாட்கள் முன்வரையும் பாடம் நடத்தினார்.

நீதிமன்றம் தீர்த்தது மானத்தைப் பற்றிய வழக்கை மட்டுமே. அவர் முறை உண்மையில் நோவைக் குறைக்குமா என்பதை அறிவியல் தான் தீர்த்தல் வேண்டும். 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற விலங்கியல் அறிஞர் நிக்கோ டின்பெர்கன், தம் பரிசுப் பேருரையின் ஒரு பகுதியை அலெக்சாண்டருக்கு ஒதுக்கினார். எனினும் பேரறிஞரின் பாராட்டும் சோதனை ஆகாது. இங்கிலாந்தில் நெடுநாள் முதுகு நோவால் வருந்திய 579 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. ஓராண்டு கழித்துக் கேட்டபோது, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோர் நான்கு வாரங்களில் ஏறத்தாழ 21 நாட்கள் நோவுற்றனர். 24 பாடங்கள் கற்றோர்க்கு அது 18 நாட்கள் குறைந்தது. 6 பாடங்கள் மட்டும் கற்றோர்க்கு 10 நாட்கள் குறைந்தது. அச்சிறு பாடத்தோடு நடைப்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள், 24 பாடங்கள் கற்றோர் பெற்ற பயனில் பெரும்பகுதியைப் பெற்றனர். எல்லா வகை நோவுக்கும் இத்தகைய சான்று இல்லை. முதுகு நோவு நீங்காது நிலைப்பின் மருத்துவரைக் காண்பதே முறை; அலெக்சாண்டரும் முதலில் மருத்துவரிடமே சென்றார் அல்லரோ?

அவ்வாராய்ச்சியில் பாடம் பெற்றோர்க்கும், கற்பித்த ஆசிரியர்களிடம் விலையுயர்ந்த கருவிகள் இருக்கவில்லை. கற்கப்புகுந்தோர் ஒரு நாற்காலியில் அமர்ந்தனர், எழுந்தனர், மீண்டும் அமர்ந்தனர்.